எந்த வருஷம், தாத்தா?

அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை விடுமுறை. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி விடப்படுவது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வண்ணம் தீட்டிய தாள் ஒன்று பள்ளிப் பைக்குள் மடங்கி வீட்டுக்கு வரும். நடுவில் கிங்கின் முகம், சுற்றிலும் பல நிறத்தில் கைகள். பிப்ரவரி வந்தால் ரோசா பார்க்ஸ் படம். அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் புறநகரில், என் மகளும் அவளோடு படித்த பிள்ளைகளும் ஒன்பது, பத்து வயதில் தெரிந்து வைத்திருந்த வரலாறு மொத்தமும் இதுதான்: களைத்துப்போன ஒரு பெண்மணி பேருந்தில் எழுந்திருக்க மாட்டேன் என்றார், ஒரு பாதிரியார் அருமையாகப் பேசினார், சட்டம் மாறியது. கிங் பிறந்த வீடும் அவர் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயமும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம்தான். அவ்வளவு பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்திருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சுருக்கத்தில் யாரும் வேலை செய்வதில்லை. யாரும் துண்டறிக்கை அடிப்பதில்லை, சமைத்து விற்றுப் பணம் சேர்ப்பதில்லை, வழக்குப் போடுவதில்லை, தோற்பதில்லை. நல்லவர் ஒருவர் தோன்றுகிறார், நல்லது நடந்துவிடுகிறது. இப்படிக் கேட்டு வளரும் பிள்ளை, அநியாயம் ஒன்றைப் பார்க்கும்போது நல்லவர் ஒருவர் வருவார் என்று காத்திருக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

எங்கள் வட்டார நூலகத்தில் சனிக்கிழமை பிற்பகலில் ஓர் அறையை இலவசமாகத் தருவார்கள். அங்கேதான் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினேன். தமிழ்ப் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் சிலர். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள கறுப்பின, மெக்சிக, தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள். ஒரே ஒரு விதி: கதைப்புத்தகம் கிடையாது. நானே நாவல்களை வாசித்து வளர்ந்தவள்தான். புனைவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கற்பனைச் சிறுமி ஒருத்தி அடிபட்டால், புத்தகத்தை மூடிய பிறகு பிள்ளைகள் அவளை விட்டுவிடலாம். பெயரும் பிறந்த தேதியும் உள்ள சிறுமியை அப்படி விட முடியாது. அவள் அதற்குப் பிறகும் பள்ளிக்குப் போக வேண்டும், வேலை தேட வேண்டும், வயதாக வேண்டும். அந்த மிச்ச வாழ்க்கையையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் கேட்டார்கள்.

முதலில் எடுத்தது பிலிப் ஹூஸ் எழுதிய கிளாடெட் கால்வின் வாழ்க்கை வரலாறு. 2009-இல் வந்தது, அந்த ஆண்டே இளையோர் இலக்கியத்துக்கான தேசியப் புத்தக விருது பெற்றது. 1955 மார்ச் 2 அன்று அலபாமாவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இடம் விட மறுத்து, போலீஸாரால் இழுத்துச் செல்லப்பட்டபோது கிளாடெட்டுக்கு வயது 15. ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று. இதை வாசித்ததும் அறையில் ஒரு கொந்தளிப்பு. "அப்ப ஏன் ஆன்ட்டி எங்க ஸ்கூல்ல கிளாடெட் படம் தரல?" என்று கேட்டாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அது அந்த நூலின் இதயத்திலேயே இருக்கும் கேள்வி. ஹூஸ் அதை மழுப்புவதில்லை. கிளாடெட் சிறுமி; ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்தவள்; நல்ல கறுப்பு; கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். மேல்முறையீட்டில் நிறப் பிரிவினைச் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டை நீதிபதி கைவிட்டு, போலீஸைத் தாக்கியதாகச் சொன்ன குற்றத்தை மட்டும் நிறுத்திக்கொண்டதால், அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்காடும் வழியும் அடைபட்டது. சில மாதங்களில் அவள் கருவுற்றாள். ஊர்த் தலைவர்கள் அவளை முன்னிறுத்தவில்லை.

பிள்ளைகள் தலைவர்கள் மேல் கோபப்பட்டார்கள். படட்டும் என்று விட்டேன். பெரியவர்கள் நல்ல காரியத்துக்குள்ளேயே ஒரு பிள்ளையைக் காயப்படுத்தக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய உண்மை. அடுத்த அத்தியாயங்களில், அதே கிளாடெட் 1956 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள். பேருந்துப் பிரிவினையை உண்மையில் ஒழித்த வழக்கின் நான்கு வாதிகளில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் வாதியாக இல்லை. அவர்களுக்காக வாதாடிய ஃபிரெட் கிரே, கிளாடெட் கைதானபோது 24 வயது இளைஞர். நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பரில், ரோசா பார்க்ஸ் கைதானதை அடுத்துத் தொடங்கிய 381 நாள் பேருந்துப் புறக்கணிப்புக்குப் பிறகு, மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பேருந்தில் தங்களுக்குப் பிடித்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். கிளாடெட் பின்னாளில் நியூயார்க்கில் முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளராக வேலை பார்த்தார். அந்த வரிக்கு வந்ததும் எங்கள் கூட்டத்திலிருந்த ஒரு பையன், "எங்க அம்மாவும் அந்த வேலைதான்" என்றான். அவன் அம்மா மெக்சிகோவிலிருந்து வந்தவர்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த வழக்கின் சான்றாவணம் ஒன்று இருக்கிறது. ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்த பேருந்தின் வரைபடம். அதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். 36 இருக்கைகள். முன்னால் இருந்த பத்தும் வெள்ளையருக்கு. நூலகத்து நாற்காலிகளை அதே வரிசையில் போட்டோம். ரோசா பார்க்ஸின் இருக்கையைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அவர் வெள்ளையர் பகுதியில் உட்காரவே இல்லை. அதற்கு அடுத்த வரிசையில், கறுப்பர் உட்கார அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் இருந்தார். முன்பகுதி நிறைந்து ஒரு வெள்ளைக்காரர் நின்றதால், அந்த வரிசை முழுவதையும் காலி செய்யச் சொன்னார் ஓட்டுநர். ஒருவர் உட்கார நான்கு பேர் எழ வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு நிறத்தவரும் இருக்கக்கூடாது. சட்டம் எவ்வளவு நுணுக்கமாக மனிதரை அவமானப்படுத்தியது என்பதை நான் பேசி விளக்கியிருந்தால் பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. நாற்காலியிலிருந்து நான்கு பேரை எழுப்பி நிறுத்தியதும் புரிந்துவிட்டது.

அந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் என் மகள் கேட்டாள்: "நாம எங்கம்மா உட்கார்ந்திருப்போம்?"

தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கும் ஆவணம் தேடினோம். 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு 1946-இல்தான் ஒருக்களித்துத் திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் மட்டுமே குடிவரலாம். பிறகு 1965. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகிறது. அக்டோபர் 3 அன்று, நாடு பார்த்து ஒதுக்கீடு கொடுத்த பழைய முறையை நீக்கிய குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் நின்று நாட்டை உலுக்கிய அதே சில ஆண்டுகளில்தான் இரண்டாவது சட்டமும் நிறைவேறியது. எங்கள் வட்டத்திலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அந்தச் சட்டம் திறந்துவிட்ட வழியில் வந்தவைதான். வாக்குரிமை கேட்டுச் செல்மாவில் அடிபட்டவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனைப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். எத்தனையோ அப்பாக்களுக்கு அது புதுச் செய்தி.

மான்ட்கோமரி வரலாற்றில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி ஆசிரியை. ரோசா பார்க்ஸ் கைதான இரவே, கல்லூரிப் பிரதியெடுக்கும் அறையில் ஒரு சக ஆசிரியரோடும் இரண்டு மாணவர்களோடும் புறக்கணிப்புக்கு அழைக்கும் துண்டறிக்கையை விடிய விடிய அடித்தவர். ஒரே தாளில் மூன்று முறை தட்டச்சு செய்து, மூன்றாக வெட்டி, பல்லாயிரம் பிரதிகள். எங்கள் வட்டத்துக்குப் பேரனோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "அது சைக்ளோஸ்டைல்" என்று உற்சாகமாக எழுந்துவிட்டார். மெழுகுத்தாளை எப்படிப் பொருத்துவது, கைப்பிடியைச் சுற்றும்போது மை எப்படிக் கசியும், விரல் நுனியில் எத்தனை நாள் நிற்கும் என்றெல்லாம் அவர் விளக்கியபோது பிள்ளைகள் அந்த இரவுக்குள் போய்விட்டார்கள். இன்னொருவர் ஜார்ஜியா கில்மோர், சமையல்காரர். புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மேல் போட்ட வழக்கின் விசாரணையில் சாட்சி சொன்னதற்காக வேலை போனது. வறுத்த கோழியும் கேக்கும் செய்து விற்று, பெண்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு, புறக்கணிப்புக்குப் பணம் திரட்டினார். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களின் பெயர் வெளியே வந்தால் பிழைப்புப் போகும் என்பதால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்றே பதில் சொன்னார்கள். கூட்டாகக் காரில் ஏற்றிச் செல்ல வாங்கிய வண்டிகளின் பெட்ரோலில் அந்தக் கோழியும் கேக்கும் இருந்தன.

ரூபி பிரிட்ஜஸுக்கு வந்தோம். 1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டாட்சிக் காவலர்கள் சூழ நடந்து போகிறாள். அவரே 1999-இல் எழுதிய நூலை வாசித்தோம். பழைய செய்திப் படங்கள் நிறைந்த புத்தகம். வெளியே கூடிக் கத்தியவர்கள் சிறு சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மை ஒன்றை வைத்து அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, ஆண்டு முழுவதும் ஒரே வகுப்பறையில் ரூபியும் பாஸ்டனிலிருந்து வந்த ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும். அப்பாவுக்கு வேலை போயிற்று. மிசிசிப்பியில் குத்தகை நிலத்தில் பயிர் செய்துகொண்டிருந்த தாத்தா பாட்டியை நிலத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் ஒரு தாய் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். "ஒன்பது வயசுப் பிள்ளைக்குச் சவப்பெட்டி எல்லாம் வேணுமாங்க? ராத்திரி தூங்க மாட்டேங்கறா" என்றார். அவர் கவலை நியாயமானது. சிறு பிள்ளைகளிடம் எல்லாப் படங்களையும் நான் காட்டியதில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த பக்கங்கள் எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பொம்மையை நான் மறைக்கவில்லை. அதை ஓர் ஆறு வயதுக் குழந்தை நேரில் பார்த்தாள். அவள் பார்க்க நேர்ந்ததை ஒன்பது வயதில் வாசிக்கக்கூட வேண்டாம் என்று சொன்னால், யாருடைய தூக்கத்தை நாம் காப்பாற்றுகிறோம்? அந்த அம்மாவிடம் இதையே சொன்னேன். பிள்ளையோடு அவரும் உட்கார்ந்து அந்த நூலை வாசித்தார். அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமி கேட்ட கேள்வி பொம்மையைப் பற்றியது அல்ல. பள்ளிப் பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1954-இல். ரூபி உள்ளே போனது 1960-இல். "ஆறு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். தீர்ப்புக்கும் பள்ளி வாசலுக்கும் இடையே இருந்த தூரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தூரம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கிரீன்ஸ்பரோ உணவு மேசைப் போராட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவில் நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். முதலில் பற்பசை முதலான சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் அமர்ந்து காபி கேட்டார்கள். அந்த மேசையில் எங்கள் காசை வாங்கினீர்களே, இந்த மேசையில் ஏன் வாங்க மாட்டீர்கள் என்று கேட்க அந்த ரசீது ஆதாரம். பிள்ளைகள் இந்த ரசீதை அவ்வளவு ரசித்தார்கள். அந்த வார இறுதிக்குள் மாணவர் கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. ஜூலை 25 அன்று கடை பணிந்தது. முதலில் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை செய்த கறுப்பினத்தவர்.

சைக்ளோஸ்டைலை விளக்கிய அதே தாத்தா, விழுப்புரம் பக்கத்தவர், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அன்று கையை உயர்த்தினார். வகுப்பில் பிள்ளை கையை உயர்த்துவது போலவே.

"எங்க ஊர் டீக்கடையில ரெண்டு வகை கிளாஸ் இருந்துச்சு. எங்களுக்குள்ளது வெளிய, கூரை மூங்கில்ல சொருகியிருக்கும். நாங்களே எடுத்துக்கணும். அவரு மேலேர்ந்து ஊத்துவாரு. குடிச்சிட்டு நாங்களே கழுவி, அங்கயே சொருகணும். பெஞ்சுல உட்காரக்கூடாது."

அவர் பேரனுக்கு வயது பதினொன்று. இதை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் கையில் குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. எங்கள் வட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் எப்போது, எங்கே என்று எழுதிக்கொள்வது வழக்கமாகியிருந்தது.

"எந்த வருஷம், தாத்தா?"

"நான் எட்டாவது படிக்கிறப்ப. அறுபத்திரண்டுன்னு வச்சிக்கோ. தீண்டாமை குத்தம்னு சட்டம் அம்பத்தஞ்சுலயே வந்துடுச்சு."

பையன் எழுதினான். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டினான். "ரூபிக்கு ஆறு வருஷம். உங்களுக்கு ஏழு வருஷம் ஆகியும் மாறலயா?"

"ஏழு இல்லடா. நான் வாத்தியாரா வேலைக்குச் சேர்ந்தப்பவும் அந்த கிளாஸ் அங்கதான் இருந்துச்சு."

அன்று மாலை வாகன நிறுத்தத்தில் ஒரு தந்தை மெதுவாகச் சொன்னார்: "அது நம்ம ஊர்க் கதை. இந்தப் பசங்களுக்கு எதுக்குங்க? இங்க வந்து வேற்றுமை தெரியாம வளர்றாங்க." மரியாதையோடுதான் சொன்னார், எனக்கும் மரியாதையோடு மறுக்க வேண்டியிருந்தது. மான்ட்கோமரிப் பேருந்தைப் பற்றி உரத்த குரலில் வாசித்துவிட்டு விழுப்புரம் டீக்கடைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினால், பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். நான் தஞ்சை மாவட்டத்தில் நிலபுலன் இருந்த வீட்டில் பிறந்தவள். வயல் வேலைக்கு வந்தவர்களுக்கு எங்கள் கொல்லைப்புறத்தில் தனித் தட்டு இருந்தது. அவர்கள் முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. அதை அடுத்த வாரம் பிள்ளைகளிடம் சொன்னேன், வருஷத்தோடு, ஊர்ப் பெயரோடு. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தீண்டாமைக்கும் நிறப் பிரிவினைக்கும் உள்ள இணைப்பு நானாக உண்டாக்கியதும் அல்ல. 1946-இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்திருந்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. டுபாய்ஸ் பதில் எழுதினார். இரண்டும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, வாசித்தோம். 1959-இல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அவரைத் தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோன கிங், யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதை 1965-இல் இதே அட்லாண்டாவில், எபனேசர் தேவாலயப் பிரசங்கத்தில் சொன்னார். பிள்ளைகளை அந்தத் தேவாலயத்துக்கு அழைத்துப்போய் மரப்பலகையில் உட்கார வைத்து இதைச் சொன்னேன். தலைமை ஆசிரியர் தாத்தாவும் வந்திருந்தார்.

பர்மிங்ஹாமுக்கும் போனோம். அட்லாண்டாவிலிருந்து மேற்கே 150 மைல். அலபாமா எல்லை தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போவதற்கு முன் சிந்தியா லெவின்சனின் நூலை வாசித்தோம். 1963 மே மாதம் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பள்ளியை விட்டு வெளியேறி ஊர்வலம் போன பிள்ளைகளில் நான்கு பேரைப் பின்தொடரும் நூல் அது. அவர்களில் ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு ஒன்பது வயது. நான் சிறைக்குப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு மே 2 அன்று போனாள்; ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். அவள் அம்மா லோலா ஹென்ட்ரிக்ஸ், அதற்கு முந்தின மாதம், ஊர்வல அனுமதி கேட்டு நகர ஆணையர் புல் கானரிடம் போய் நின்றவர், அவன் மறுத்தான். ஆகவே ஆட்ரியின் துணிச்சல் ஒரே நாளில் முளைத்தது அல்ல. கூட்டங்கள் நடந்த வீட்டில், மனு எழுதிய மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள்.

ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் போலீஸார் நாய்களை ஏவிய கெல்லி இங்கிரம் பூங்காவில் நடைபாதையின் இருபுறமும் சுவரிலிருந்து பாயும் இரும்பு நாய்ச் சிற்பங்கள் உண்டு. நடுவே நடந்து போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி நடக்க மாட்டேன் என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, பெரிய பிள்ளைகளிடம், "ஆட்ரி போன முதல் நாள் நாய் விடல. மறுநாள்தான் விட்டாங்க. மறுநாளும் பசங்க வந்தாங்க" என்றாள். புத்தகத்தில் அவள் அடிக்கோடிட்டிருந்த இடம் அது. முதல் நாளைவிட இரண்டாம் நாள் வந்தவர்களை அவள் பெரிதாக நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பூங்காவுக்கு எதிரே பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம்; அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று வெடிகுண்டில் செத்த ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் நால்வரின் பெயரையும் வாசலில் நின்று உரக்கச் சொன்னோம். டெனிஸுக்கு 11 வயது, மற்ற மூவருக்கும் 14.

திரும்பும் வழியில் காருக்குள் நடந்த வாக்குவாதம் வேறொன்றைப் பற்றி. ஊர்வலம் போனதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளிக் கல்வி வாரியம் இடைநீக்கம் செய்தது, வெளியேற்றியது. மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில், கீழ் நீதிமன்றம் அதைச் சரியென்று சொன்ன அதே நாளில் அந்த உத்தரவை நிறுத்தினார். பள்ளி செய்தது தப்பா, சரியா? பள்ளிக்கு வராமல் இருப்பது விதிமீறல்தானே? எந்த விதியை எப்போது மீறலாம்? எல்லை தாண்டி அட்லாண்டா வெளிச்சம் தெரியும் வரை பேசிக்கொண்டே வந்தார்கள். நான் வண்டி ஓட்டினேன், தீர்ப்புச் சொல்லவில்லை.

அதே போராட்டத்தில் நின்ற ஜான் லூயிஸின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று பாக வரைகதை நூலைப் படிக்கத் தொடங்கியபோது, வரைகதை அபுனைவாகுமா என்று பிள்ளைகளுக்குள் விவாதம். பெயரும் தேதியும் சரிபார்க்க முடிகிறதா என்று பார்த்து, ஆகும் என்று முடிவு செய்தார்கள். எங்கள் அட்லாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினராக 1987 முதல் 2020-இல் இறக்கும் வரை இருந்தவர் அவர். அந்த நூலின் மூன்றாம் பாகத்துக்கு 2016-இல் தேசியப் புத்தக விருது கிடைத்த மேடையில், 1956-இல் பதினாறு வயதில் நூலக அட்டை வாங்கப் போய், நூலகம் வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதைச் சொல்லி அழுதார். 1998-இல் தன் நூலில் கையெழுத்திட அதே நூலகத்துக்குப் போனபோதுதான் அட்டை கொடுத்தார்கள். அதை வாசித்த அன்று எங்கள் பிள்ளைகள் தங்கள் நூலக அட்டைகளை மேசைமேல் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அட்டை இல்லாமல் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அன்றே போய் வாங்கிக்கொண்டார்கள்.

இவையெல்லாம் இப்போது எளிதாகப் பேசும் விஷயங்கள் அல்ல. 2021-இல் டென்னசியில் ஒரு பெற்றோர் அமைப்பு, ரூபி பிரிட்ஜஸ் சிறு பிள்ளைகளுக்காக எழுதிய நூல் பாடத்திட்டத்தில் இருப்பதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. 2022-இல் எங்கள் ஜார்ஜியாவிலேயே இனம் பற்றி வகுப்பறையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வரையறுக்கும் சட்டம் வந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், நல்லவர், பிள்ளைகளை நேசிப்பவர், புத்தக அலமாரியிலிருந்து சில நூல்களைத் தானே எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அலமாரியில் விழுந்த இடைவெளியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நூலக அறையில் சனிக்கிழமை உட்காரும் எங்கள் கூட்டம் அதன் பிறகு பெரிதாயிற்று.

ஒரு கோடையில், வாசித்தது போதும், இனி எழுத வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். தென் ஜார்ஜியாவின் சிற்றூர் ஒன்றில் கறுப்பர் பள்ளியில் படித்தவர். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு அவர் வீட்டு முகப்பில் போய் உட்கார்ந்தோம். அவருடைய பள்ளிக்குப் புதுப் பாடப்புத்தகமே வந்ததில்லையாம். வெள்ளையர் பள்ளி கழித்துப்போட்டவைதான் வரும். உள்ளட்டையில் மாணவர் பெயர் எழுதக் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். எல்லாக் கோடும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். "என் பெயரை எழுத ஒரு கோடும் மிச்சம் இருந்ததில்லை" என்றார். அவர் ஓரத்தில் எழுதிக்கொள்வாராம்.

பிள்ளைகள் அதைச் சிறு நூலாக எழுதி, அச்செடுத்து, கோத்து, அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார், சிவப்புப் பென்சில் திருத்தங்களோடு. பள்ளிக்கு நடந்த தூரம் தப்பு. தேவாலயத்தின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அவரை ஓர் இடத்தில் வீரமான பெண் என்று எழுதியிருந்தார்கள்; அதை அடித்துவிட்டு, என்ன செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள் என்று குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தின் கீழே, ஊர்க்காரர்கள் காசு சேர்த்து வாங்கிய பழைய பேருந்தைச் சம்பளம் இல்லாமல் ஓட்டியவரின் பெயரும் அவர் மனைவி பெயரும் எழுதி, இவர்கள் விட்டுப்போயிருக்கிறார்கள், சேருங்கள் என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் அன்று மாலையே சேர்த்தார்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை ஓட்டினார் என்று கேட்க, விழுப்புரத்துத் தாத்தாவின் பேரன் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனான்.